வீட்டுக்குப் பக்கத்து ஓடையில் மீன் நிற்கிறது, தூண்டில் போடலாமா?

வாய்க்கால்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். நான் தூண்டில் பழகியதெல்லாம் பெரிய ஏரியில். இப்போது வேலை, கைக்குழந்தை என்று ஆகிவிட்டதில் அவ்வளவு தூரம் போய்வர ஒரு முழு நாளை ஒதுக்க முடிவதில்லை. வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் ஒரு ஓடை இருக்கிறது. இரண்டு பக்கமும் வீடுகளின் பின்சுவர், கொஞ்ச தூரம் சிமெண்ட் கரை, கொஞ்ச தூரம் மண்கரை, நடுவில் சாலைக்கு அடியில் ஒரு குழாய்ப்பாலம். அகலமான இடத்தில்கூட நாலைந்து எட்டு வைத்தால் அந்தப் பக்கம் போய்விடலாம். அக்கம்பக்கத்தில் எல்லோரும் அதைச் சாக்கடை என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு தினமும் கடந்து போனேன்.

போன வாரம் பாலத்துச் சுவரில் சாய்ந்து போன் பேசிக்கொண்டிருந்தபோது கீழே பார்த்தால், ஐந்தாறு கரிய முதுகுகள் ஓட்டத்துக்கு எதிராக அப்படியே நிற்கின்றன. விரல் நீளக் குஞ்சுகள் இல்லை, உள்ளங்கை அளவு இருக்கும். அவ்வப்போது ஒன்று பக்கவாட்டில் திரும்பி எதையோ கொத்திவிட்டு மறுபடி அதே இடத்துக்கு வந்து நிற்கிறது. அன்றிலிருந்து மனசு அங்கேயே இருக்கிறது.

இந்த மாதிரி ஓடையில் தூண்டில் போட்ட அனுபவம் யாருக்காவது உண்டா? என்னிடம் இருக்கிற கம்பும் ரீலும் ஏரிக்கு வாங்கியவை, இங்கே எடுபடுமா? பிடித்து விட்டுவிடத்தான் எண்ணம், தின்பதற்கு இல்லை. தண்ணீரில் கை வைக்கலாமா என்பதும் தெரிய வேண்டும். மீன் இருந்தாலே தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்தானே?

தக்கைமுனை:

போடலாம், ஆனால் முதல் சில தடவை தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள் தம்பி. இதை நான் சும்மா சொல்லவில்லை. ஏரியில் மீன் எங்கே இருக்கிறது என்பது பாதி ஊகம், சின்ன ஓடையில் அது கண்ணுக்கே தெரியும், பார்க்கத் தெரிந்தால். வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதன் பெரிய லாபமே அதுதான். காலையில் ஒரு முறை, வேலை முடிந்து வரும்போது ஒரு முறை, மழை விட்ட மறுநாள் ஒரு முறை என்று பத்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டு வரலாம். தூரத்து ஏரியை அப்படி யாராலும் அறிய முடியாது.

எதைப் பார்ப்பது? ஓட்டம் எங்கே வேகம் குறைகிறதோ அங்கே. மீன் வேகமான தண்ணீரில் நின்று சக்தியை வீணாக்காது, வேகமும் மந்தமும் சந்திக்கிற கோட்டில் மந்தமான பக்கம் நின்றுகொண்டு, வேகமான பக்கம் அடித்து வருகிற இரையை எட்டிப் பிடித்துவிட்டுத் திரும்பிவிடும். நீங்கள் பாலத்திலிருந்து பார்த்தது அதேதான். ஊருக்குள் ஓடுகிற ஓடையில் இந்தக் கோட்டை உண்டாக்குவது பாறையாக இருக்க வேண்டும் என்றில்லை, உடைந்த சிமெண்ட் பலகை, கவிழ்ந்து கிடக்கும் தள்ளுவண்டி, பாலத்துத் தூண், எது வேண்டுமானாலும் அந்த வேலையைச் செய்யும். குழாய்ப்பாலம் முடிகிற இடத்தைக் கண்டிப்பாகப் பாருங்கள். குழாயிலிருந்து வேகமாக விழுகிற தண்ணீர் அடியைத் தோண்டித் தோண்டி ஒரு மடு ஆக்கியிருக்கும். கோடையில் மற்ற இடமெல்லாம் கணுக்கால் அளவுக்கு வற்றும்போதும் அந்த மடுவில் இடுப்பளவு நிற்கும், மொத்த ஓடையின் பெரிய மீன்களும் அங்கே ஒதுங்கும். அதற்கு அடுத்தபடி பாலத்து நிழல், பிறகு கரைமரத்தின் வேர் தண்ணீருக்குள் தொங்குகிற இடம்.

ஒரு நல்ல போலரைஸ்டு கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள். ரீலைவிட அது முக்கியம் என்பேன். மேற்பரப்பின் பளபளப்பை அது வெட்டிவிடும், அடி தெரியும்.

இன்னொன்று, நடை. சிமெண்ட் கரையில் தடதடவென்று நடந்து வந்தால் அந்த அதிர்வு தண்ணீருக்குள் போகும், மீனின் உடம்பில் பக்கவாட்டாக ஓடுகிற உணர்கோடு அதைப் பிடித்துவிடும். வேடிக்கை என்னவென்றால், மேலே சாலையில் லாரி போகிற அதிர்வுக்கு அவை பழகிவிடும், கரையில் ஒரு ஆள் கால் வைத்தால் கலையும். நிழல் தண்ணீர் மேல் விழக் கூடாது. கீழேயிருந்து மேல்நோக்கி நடங்கள், மீன் ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்பதால் நீங்கள் அதற்குப் பின்னால் இருப்பீர்கள். ஒரு மீன் பதறி ஓடினால் மடுவே காலி, அப்புறம் அரைமணி நேரத்துக்கு அங்கே ஒன்றும் நடக்காது.

நீர்த்தும்பி:

கடைசியாகக் கேட்ட கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், அதைத்தான் நிறையப் பேர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். மீன் இருந்தால் தண்ணீர் நல்லது என்று சொல்லவே முடியாது. எந்த மீன் என்பதுதான் கேள்வி.

விரால், குறவை, பனையேறி இவற்றுக்கெல்லாம் செவுளோடு கூட, மேலே வந்து காற்றை நேராக விழுங்கிச் சுவாசிக்கிற உறுப்பும் இருக்கிறது. தண்ணீரில் ஆக்சிஜன் அறவே இல்லாத இடத்திலும் இவை தாக்குப்பிடிக்கும். ஜிலேபி மீனுக்கு அந்த உறுப்பு கிடையாது, ஆனாலும் மற்ற மீன்கள் செத்து மிதக்கிற அளவுக்கு ஆக்சிஜன் குறைந்தாலும் மேற்பரப்பை ஒட்டி வாயை வைத்துச் சமாளிக்கும். ஆக இவை மட்டுமே இருக்கிற ஓடை சுத்தமான ஓடை என்று அர்த்தமில்லை. பல வகை கெண்டைக் குஞ்சுகள், அயிரை மாதிரி அடியில் வாழ்கிற சின்ன மீன்கள் எல்லாம் கலந்து இருந்தால் அது நல்ல அறிகுறி.

மீனைவிட நம்பகமான சாட்சி கல்லுக்கு அடியில் இருக்கிறது. ஓட்டமுள்ள இடத்தில் முஷ்டி அளவு கல் ஒன்றை மெதுவாக எடுத்துத் திருப்பிப் பாருங்கள், ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு. வால் பக்கம் மூன்று மெல்லிய இழை நீட்டிக்கொண்டு தட்டையாக ஒட்டியிருக்கும் பூச்சிக் குஞ்சுகள், மணலையும் குச்சியையும் ஒட்டவைத்துக் குழாய் மாதிரி கூடு கட்டி அதற்குள் வாழ்கிற புழுக்கள், இவை இருந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது, சந்தோஷப்படலாம். ஒன்றுமே இல்லாமல் சேற்றில் சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் ஆக்சிஜன் குறைவு. அந்தச் சிவப்பு நம் ரத்தத்தில் இருக்கிற அதே வகை ஹீமோகுளோபின்தான், கிடைக்கிற கொஞ்ச ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ள அதற்கு அது தேவைப்படுகிறது. கல் மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி முடிமுடியாகத் தொங்கினால் மேலே எங்கோ கழிவுநீர் கலக்கிறது, யோசிக்கவே வேண்டாம். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அடிச்சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது.

தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் படலம் தெரிந்தால் உடனே எண்ணெய் என்று பயந்துவிட வேண்டாம். ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு போல உடைந்து தனித்தனியாக நின்றால் அது இரும்பைத் தின்னும் பாக்டீரியா உண்டாக்குவது, ஆபத்தில்லை. குச்சியை எடுத்ததும் சுழன்று மறுபடி ஒன்றாகச் சேர்ந்துகொண்டால் அது பெட்ரோல், டீசல், எஞ்சின் ஆயில் வகையறா.

கை வைக்கலாமா என்றால், வெட்டுக்காயமோ சிராய்ப்போ இருந்தால் வைக்கவே கூடாது. ஊருக்குள் ஓடுகிற ஓடையில் எலி மூத்திரம் கலக்காமல் இருக்காது, எலிக்காய்ச்சல் அந்த வழியில்தான் வரும், சின்னக் கீறல் போதும். ரப்பர் பூட்ஸ் போடுங்கள், வெறுங்காலில் இறங்காதீர்கள், கண்ணாடிச் சில்லு எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. மீனைத் தொட்ட கையால் முகத்தைத் துடைக்காதீர்கள், சோப்பும் ஒரு பாட்டில் தண்ணீரும் பையில் இருக்கட்டும். சில நாள் கழித்துக் காய்ச்சலும் கடுமையான தசைவலியும் வந்தால் ஓடைத் தண்ணீரில் கை வைத்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அவர் எதைச் சோதிக்க வேண்டும் என்பது அதை வைத்துத்தான் தெரியும். தின்னப்போவதில்லை என்று நீங்களே முடிவெடுத்தது மிகச் சரி. ஈயம், பாதரசம் மாதிரியானவை சமைத்தாலும் போகாது.

சிறுமுள்:

ஏரிக் கம்பு வேண்டாம். அதை வீசினால் மரக்கிளையில் மாட்டுவதே வேலையாகிவிடும். சின்ன ஓடைக்கு ரீலே தேவையில்லை என்பது என் கருத்து. இழுத்து நீட்டி மடக்குகிற பத்துப் பன்னிரண்டு அடித் தூண்டில், அதன் நுனியில் அதே நீளத்துக்கோ கொஞ்சம் குறைவாகவோ நரம்பு, அவ்வளவுதான். இடம் நெருக்கமாக இருந்தால் பாதி மடக்கி வைத்துக்கொண்டு போடலாம். வீசவே வேண்டாம், கம்பை நீட்டி இரையை மெதுவாக இறக்கிவிட்டால் போதும், சத்தமே இருக்காது.

தங்கூஸ் நரம்பு 0.14 அல்லது 0.16 மில்லிமீட்டர். முள் எண் 14 அல்லது 16. எண் கூடக் கூட முள் சின்னதாகும் என்பது நினைவிருக்கட்டும், கடையில் மாற்றிக் கேட்டுவிட்டால் பெரிய முள்ளைக் கொடுத்துவிடுவார்கள். முள்ளில் இருக்கிற எதிர்க்கொக்கியைக் குறட்டால் அழுத்தித் தட்டையாக்கிவிடுங்கள். விட்டுவிடப்போகிற மீனுக்கு அது பெரிய உபகாரம், தண்ணீரிலேயே வைத்துத் திருப்பினால் கழன்றுவிடும். நரம்பைத் தளரவிடாமல் வைத்திருந்தால் மீன் தப்பவும் தப்பாது.

தக்கை, நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரியது போதும். நரம்பில் எடைக்கு எவ்வளவு குண்டு கட்டுவது என்பதில்தான் விஷயம். தக்கையின் நுனி மட்டும் வெளியே தெரிகிற அளவுக்குக் குண்டு ஏற்றுங்கள். அதிகமாக மிதந்தால் மீன் இழுக்கும்போது எதிர்ப்புத் தெரிந்து துப்பிவிடும். ஓடையில் தக்கை பொசுக்கென்று அமுங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், பெரும்பாலும் ஓட்டத்தோடு போய்க்கொண்டிருந்த தக்கை சட்டென்று நிற்கும், அல்லது அரை விரற்கடை பக்கவாட்டில் நகரும். அப்போதே மணிக்கட்டை லேசாகத் தூக்கினால் போதும், ஏரியில் இழுப்பது மாதிரி இழுத்தால் மீன் தலைக்கு மேல் பறக்கும், இல்லையென்றால் நரம்பு கிளையில் சுற்றும்.

குண்டு ஈயமாக இல்லாமல் இருந்தால் நல்லது, டங்ஸ்டனோ எஃகோ கிடைக்கும். பிரிட்டனில் 1987-லேயே பெரும்பாலான அளவுகளில் ஈயக்குண்டைத் தூண்டிலுக்குத் தடை செய்துவிட்டார்கள், அன்னங்கள் அதைக் கூழாங்கல் என்று விழுங்கிச் செத்துக்கொண்டிருந்தன.

இரைக்கு மண்புழுத் துண்டு, அரை அங்குலம். அல்லது பிசைந்த மாவு, மிளகு அளவு. பெரிய உருண்டை போட்டால் சுற்றிச் சுற்றிக் கொத்திவிட்டுப் போய்விடும், வாய்க்குள் போகாது.

சிறிய மீனைப் பிடிப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பானில் தனாகோ என்றொரு மீன், விரல் நீளம் வந்தாலே பெரிசு. அதைப் பிடிக்கவென்றே மெல்லிய குட்டைத் தூண்டில், கண்ணுக்கு எட்டாத அளவுக்குப் பொடி முள் என்று தனிக் கலையாகவே வளர்த்து வைத்திருக்கிறார்கள், முள்ளின் நுனியை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத் தீட்டுகிறவர்கள் உண்டு. அங்கே மீன் எவ்வளவு சிறிசோ பிடித்தவருக்கு அவ்வளவு பெருமை. அந்த மீன்கள் ஓடுவது வயல் வாய்க்காலிலும் கால்வாயிலும்தான். உயிரோடு இருக்கும் மட்டியின் செவுளுக்குள் முட்டையிடுகிற மீன் அது, மட்டி போனால் அதுவும் போயிற்று.

நாணல்:

நான் கொஞ்சம் மாறுபட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏரியில் ஒருவர் தினமும் பத்து மீன் எடுத்தாலும் ஏரிக்குத் தெரியாது. நாலு எட்டு அகலமுள்ள ஓடையில் ஒரு மடுவில் பெரிய மீன் என்று ஏழெட்டுதான் இருக்கும். நாலு பேர் வந்து நாலு நாள் பிடித்து எடுத்துக்கொண்டு போனால் முடிந்தது கதை. மேலேயும் கீழேயும் தடுப்பு, குழாய், சுவர் என்று அடைத்திருப்பதால் வேறெங்கிருந்தும் மீன் ஏறி வந்து அந்த இடத்தை நிரப்பாது. அதனால் தயவுசெய்து இடத்தின் பெயரை எங்கேயும் எழுதாதீர்கள், பாலம் அடையாளம் தெரிகிற மாதிரி படமும் போடாதீர்கள். வாய்க்கால்வாசி இங்கே பெயர் சொல்லாமல் கேட்டது எனக்குப் பிடித்திருக்கிறது.

இனப்பெருக்க காலத்தில் விட்டுவிடுங்கள். விரால் குஞ்சுகள் செம்பட்டை நிறத்தில் கொத்தாக ஒன்றாகத் திரண்டு மேலே வருவதும் இறங்குவதுமாக இருக்கும், அதற்குக் கீழேயே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும், பசியால் இல்லை, குஞ்சைக் காக்க. அதைத் தெரிந்துகொண்டு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெற்றவை இரண்டும் போய்விட்டால் மற்ற மீன்கள் அந்தக் கொத்தை ஒரே பொழுதில் முடித்துவிடும். பிடித்து விடுவேன் என்பதும் அங்கே சமாதானம் ஆகாது, நீங்கள் முள்ளைக் கழற்றிக்கொண்டிருக்கிற நேரத்துக்குள் குஞ்சுகள் போய்விடும்.

வெயில் உச்சத்திலும் வேண்டாம். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் சொச்சம் ஆக்சிஜன் காற்றிலிருந்து கரைந்து நிற்கும் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான். சூடான நேரத்தில் போராடிக் களைத்த மீன், விட்டாலும் சில மணி நேரத்தில் செத்துப்போகலாம், நீந்திப் போனதைப் பார்த்துவிட்டு நாம் வீட்டுக்கு வந்துவிடுவோம்.

தக்கைமுனை:

நாணல் அக்கா சொன்னதில் வெயில் விஷயத்தையும் விரால் விஷயத்தையும் அப்படியே ஏற்கிறேன். அதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன், ஆக்சிஜன் மிகக் குறைவது நடுப்பகலில் இல்லை, விடியலுக்குச் சற்று முன்னால். பகலில் பாசி ஆக்சிஜன் விடும், இரவு முழுக்க அதுவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். பாசி அதிகமுள்ள ஓடையில் விடியற்காலையில் மீன்கள் மேலே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தால் இரை எடுக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள், மூச்சுக்குத் தவிக்கிறது. அன்றைக்கு அங்கே தூண்டில் போடக் கூடாது.

ஆனால் இடத்தை ரகசியமாகவே வைத்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. யாரும் பார்க்காத ஓடைக்குத்தான் யாரும் பேச மாட்டார்கள். லண்டனில் வாண்டில் என்று தேம்ஸில் போய்ச் சேர்கிற ஒரு சின்ன ஆறு, நீளம் ஏறக்குறைய 14 கிலோமீட்டர். ஆலைகளும் சாயப்பட்டறைகளும் அதைக் கெடுத்து, 1960-களில் அது சாக்கடைதான் என்று கைவிட்டுவிட்டார்கள். பிறகு தூண்டில்காரர்களும் அக்கம்பக்கத்து மக்களும் இறங்கி வண்டி வண்டியாகக் குப்பை அள்ளினார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வகுப்பறைத் தொட்டியில் முட்டையிலிருந்து டிரவுட் மீன்குஞ்சு வளர்த்துக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று அதில் டிரவுட் தானாகவே இனம் பெருக்குகிறது. 2007-இல் ஒரு கழிவுநீர் நிலையத்திலிருந்து சுத்தம் செய்யும் ரசாயனம் கசிந்து ஆயிரக்கணக்கான மீன்கள் செத்தபோது அது பெரிய செய்தியானது. அதே கசிவு முப்பது வருஷத்துக்கு முன்னால் நடந்திருந்தால் கேட்க ஆள் இருந்திருக்காது.

லாஸ் ஏஞ்சலஸ் ஆறும் அப்படித்தான். 1938 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பகுதியை சிமெண்ட் தொட்டியாக்கிவிட்டார்கள். அடியில் நிலத்தடி நீர் ஊறிக்கொண்டே இருந்ததால் ஒருசில இடங்களில் மட்டும் தரைக்கு சிமெண்ட் போட முடியவில்லை, அங்கே மரமும் நாணலும் முளைத்துக் கிடக்கிறது, நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே நின்று பெரிய பெரிய கெண்டைகளுக்குத் தூண்டில் போடுகிறார்கள்.

நாணல்:

தக்கைமுனை சொல்வது குப்பை அள்ள வருகிற கூட்டத்துக்குப் பொருந்தும். வலை எடுத்து வருகிற கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன், ஒரே ராத்திரியில் மடு காலி. முதலில் ஓடையைப் பற்றி அக்கறை உள்ள நாலு பேரைச் சேருங்கள், பிறகு ஊருக்குச் சொல்லுங்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

வாய்க்கால்வாசி:

இவ்வளவு விவரமாகப் பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி தூண்டில் இல்லாமல் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பாலத்துக்குக் கீழ்ப்பக்கம் முழங்கால் ஆழத்தில் சேற்றில் வட்ட வட்டமாகப் பள்ளங்கள், ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம், நடுவில் சேறு இல்லாமல் சுத்தமாக மணல் தெரிகிறது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு கரிய மீன் காவல், பக்கத்து மீன் எல்லைக்குள் வந்தால் துடுப்பை விரித்துக்கொண்டு துரத்துகிறது. நான் பாலத்திலிருந்து பார்த்தவை இவைதான் போல. கல்லைத் திருப்பினேன், மூன்று வால் பூச்சி கிடைக்கவில்லை, தட்டான் குஞ்சு ஒன்றும் நத்தைகளும் இருந்தன. கூடவே கரை மண்ணில் நீருக்குச் சற்று மேலே கை நுழைகிற அளவுக்கு நிறைய பொந்துகள் இருக்கின்றன. பாம்பா?

அப்புறம் இன்னொரு சந்தேகம். மழை பெய்து முடிந்த உடனே போனால் மீன் நன்றாகக் கடிக்கும் என்று ஏரியில் சொல்வார்கள். இங்கேயும் அப்படியா?

நீர்த்தும்பி:

அந்த வட்டப் பள்ளங்கள் ஜிலேபியின் கூடு. ஆண் மீன் வாயாலும் வாலாலும் தோண்டி வைத்துக் காத்திருக்கும், பெண் வந்து முட்டையிட்டுவிட்டு அதை வாய்க்குள் அள்ளிக்கொண்டு போய்விடும், குஞ்சு பொரிந்து வெளியே வரும்வரை வாயில்தான் வளர்க்கும். அந்த நாள்களில் அது சரியாகத் தின்னவும் தின்னாது. தொண்டை புடைத்த மாதிரி ஒரு மீன் கிடைத்தால் தண்ணீரை விட்டு வெளியே தூக்காமலேயே விடுங்கள், பயந்தால் குஞ்சுகளைத் துப்பிவிடும்.

பொந்துகள் பாம்பாகவும் இருக்கலாம், நண்டாகவும் இருக்கலாம், அதனால் கை விடாதீர்கள். ஆனால் தண்ணீர் வற்றியபோது வெளியே தெரிகிற பொந்துகள் வரிசையாக நிறைய இருந்தால், மீன்தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கி வளர்ந்ததும் ஓடையில் விட்டுவிடுகிறார்களே, அந்தச் சக்கர் மீனின் வேலையாகவும் இருக்கலாம். உடம்பு முழுக்க ஓடு மாதிரி கவசம், முதுகில் முள். கரையைக் குடைந்து அதில்தான் முட்டையிடும், கரை அப்படியே இடிந்து விழுகிற அளவுக்குக் குடையும். உங்களுக்கு இதில் ஒரு மீன் கிடைத்தால் அதை மறுபடி தண்ணீரில் விடலாமா கூடாதா என்பதற்கு ஒவ்வொரு இடத்திலும் ஒரு சட்டம் இருக்கிறது, மீன்வளத் துறையில் கேட்டுவிடுங்கள். தூண்டில் போடவே அனுமதிச் சீட்டு தேவையா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடலாம். எந்த மீனையும் ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோய் விடவே கூடாது, நல்ல எண்ணத்தோடு செய்தாலும் கூடாது. பூட்ஸையும் வலையையும் நன்றாகக் காயவைத்த பிறகே ஏரிக்கு எடுத்துப் போங்கள்.

தட்டான் குஞ்சும் நத்தையும் இருப்பது நடுத்தரமான அறிகுறி, மோசமில்லை.

சிறுமுள்:

மழை விஷயத்தில் ஏரிக் கணக்கு இங்கே செல்லாது. ஊருக்குள் தரை முழுக்க தாரும் சிமெண்டும் கூரையும், தண்ணீர் மண்ணில் இறங்க வழியே இல்லை. மொத்தமும் வடிகால் வழியாக நேரே ஓடைக்கு வந்துவிடும். கண் மூடித் திறப்பதற்குள் முழங்கால் தண்ணீர் தலைக்கு மேல் போகும், மழை விட்ட வேகத்தில் இறங்கியும் விடும். உங்கள் தலைக்கு மேல் தூறல்கூட இல்லாமல் மேலே வேறு இடத்தில் பெய்தாலும் வரும். சிமெண்ட் சுவருள்ள பகுதியில் ஏறிப் பிடிக்க ஒன்றும் இருக்காது, பாசி வழுக்கும். ஆகவே மேகம் கறுத்தாலே அந்தப் பகுதியை விட்டு வெளியே வந்துவிட வேண்டும், குழாய்க்குள் எந்தக் காரணத்துக்காகவும் போகக் கூடாது, முள் மாட்டிக்கொண்டால் நரம்பை அறுத்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும், முன்பே எழுதியிருக்க வேண்டிய விஷயம். கரையை ஒட்டி மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். நீட்டி மடக்குகிற தூண்டில்கள் பெரும்பாலும் கார்பன் இழை, கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். உயரழுத்தக் கம்பியைத் தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே பாய்ந்துவிடும். அப்படி இடம் இருந்தால் கம்பை நீட்டியபடி கரையில் நடக்காதீர்கள், மடக்கி எடுத்துக்கொண்டு போய், கம்பி இல்லாத இடத்தில் நீட்டுங்கள்.

நீர்த்தும்பி:

மழையைப் பற்றி நானும் ஒன்று. பல நாள் வெயிலுக்குப் பிறகு வருகிற முதல் மழைதான் மிக மோசம். சாலையில் அதுவரை சேர்ந்த எண்ணெய், பிரேக் தூள், டயர் தேய்மானம் எல்லாவற்றையும் ஒரே தள்ளாகத் தள்ளிக்கொண்டு வரும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஊருக்குள் ஓடுகிற ஓடைகளுக்கு முட்டையிட வருகிற கோஹோ சால்மன் என்ற மீன், மழை பெய்த சில மணி நேரத்தில் முட்டையிடாமலேயே கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தது. காரணம் புரியாமல் வருஷக்கணக்காகத் தேடி, கடைசியில் 2020 டிசம்பரில் வெளியிட்டார்கள். டயர் ரப்பரில் வெடிப்பு விழாமல் இருக்கச் சேர்க்கிற 6பிபிடி என்ற பொருள், காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து வேறொரு நஞ்சாக மாறுகிறது, மிகக் கொஞ்சம் இருந்தாலே கோஹோவுக்கு எமன். எல்லா மீனையும் அது அப்படிக் கொல்வதில்லை, அதே குடும்பத்து சம் சால்மன் தாங்கிக்கொள்கிறது.

அதனால் முதல் மழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் தூண்டிலை விட்டுவிட்டு, வெறுமனே போய்ப் பாருங்கள். செத்த மீன் மிதந்தால் தேதி, நேரம், எந்தெந்த வகை, பெரிசா சிறிசா, எந்த இடத்திலிருந்து கீழே மிதக்கிறது, அதற்கு மேலே உயிரோடு இருக்கிறதா என்பதைக் குறித்து, படமும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் குழாய்க்குக் கீழே சாவு தொடங்குகிறது என்பதுதான் முக்கியமான துப்பு. ஒரு சுத்தமான பாட்டிலில் தண்ணீரும் பிடித்து, மூடி, குளிரில் வைத்துவிட்டு, மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அன்றைக்கே சொல்லுங்கள். மறுநாள் போனால் தண்ணீர் தெளிந்துவிடும், அவர்கள் வந்து பார்க்கும்போது ஒன்றும் இருக்காது.

நாணல்:

இப்போது கூட்டில் இருக்கிற மீன்களை விட்டுவிட்டு, குழாய்க்குக் கீழே இருக்கிற மடுவில் தொடங்குங்கள் தம்பி. மாலை வெயில் தாழ்ந்த பிறகு. போகும்போது ஒரு பழைய சாக்குப் பை எடுத்துக்கொண்டு போனால் கரையில் கிடக்கிற அறுந்த நரம்பையெல்லாம் பொறுக்கிப் போட்டுவிடலாம், கொக்கின் காலில் சுற்றினால் அதனால் கழற்ற முடியாது. கூட ஒருவரைச் சேர்த்துக்கொண்டு போங்கள்.

வாய்க்கால்வாசி:

சரி அக்கா. பக்கத்து வீட்டில் பத்தாவது படிக்கிற பையன் ஒருவன் தினமும் நான் பாலத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டான், கண்ணாடியைக் கொடுத்துக் காட்டினேன். அவனையும் கூட்டிக்கொண்டு போகிறேன். பத்து அடித் தூண்டிலும் 16-ஆம் எண் முள்ளும் சொல்லி வைத்திருக்கிறேன், மின்கம்பி ஓடையின் மேல்பகுதியில் மட்டும்தான் போகிறது, மடுவுக்குப் பக்கத்தில் இல்லை. அனுமதிச் சீட்டு விஷயம் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.